சபைக் கமிட்டியிலும் கட்சிப் பொறுப்பிலும் ஒரே ஆள்: கோடு எங்கே?

பொருநைக்கரை கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எந்தக் கட்சி என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாக் கட்சிக்கும் பொருந்துகிற கேள்விதான்.

ஒருவர் சபையில் சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) உறுப்பினர், ஊரில் கட்சியின் கிளைச் செயலாளர். தென் மாவட்டங்களில் இது புதிதில்லை. மற்ற நாளில் ஒன்றும் தெரியாது, தேர்தல் நெருங்கினால்தான் இடிக்கும். ஞாயிறு ஆராதனைக்கு வேட்பாளர் வருவார்; "ஐயர்கிட்ட (எங்கள் குருவானவரைத்தான் ஐயர் என்போம்) சொல்லி ரெண்டு வார்த்தை பேச வைங்க" என்று கட்சி ஒன்றியத்திலிருந்து போன் வரும். கூட்டத்தில் குத்துவிளக்கு ஏற்றச் சொல்வார்கள், பிரசார வண்டிக்குப் பூசணிக்காய் உடைப்பார்கள், தலைவர் நினைவிடத்தில் மலர் தூவச் சொல்வார்கள். மேலிடம் ஒரு சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்திருக்கும். அது நியாயமில்லை என்று இவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தெருமுனைக் கூட்டத்தில் அதைத்தான் ஆதரித்துப் பேசியாக வேண்டும்.

சபையில் கேட்டால் கிடைப்பது இரண்டே பதில். "அரசியல் சாக்கடை, வெளியே வந்துவிடு" என்பது ஒன்று. "ரோமர் 13 படி கீழ்ப்படி" என்பது இன்னொன்று. பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறது, கட்சி மேலிடத்தைப் பற்றி அல்லவே. எது சட்டப்படியே கூடாது, எது மனசாட்சிக்கு விட வேண்டியது, எதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். இவர் நாளை கவுன்சிலராகவோ எம்.எல்.ஏ.வாகவோ ஆனால் என்ன மாறும் என்பதும் தெரிய வேண்டும்.

வழக்கேடு:

சட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மனசாட்சியைக் கேட்கவே தேவையில்லாத பகுதி அதில்தான் அதிகம்.

1988-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத நிறுவனங்கள் (தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சபைக் கமிட்டிகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பிரிவு 3 சபைக்குச் சொந்தமான, அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள எந்த இடத்தையும் அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பிரிவு 5 பணத்தையும் சொத்தையும் பற்றியது: ஒரு கட்சியின் நன்மைக்காகச் சபையின் நிதியையோ உடைமையையோ கொடுக்கக் கூடாது. உண்டியல் பணத்தோடு முடிந்துபோகிற விஷயமில்லை இது. சபையின் நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர், வேன் எல்லாம் உடைமைதான். பிரிவு 6-ன் படி சபை நடத்தும் பண்டிகை, பவனி, கூட்டம் எதையும் அரசியலுக்குத் திருப்ப விடக் கூடாது. மீறினால் பிரிவு 7-ல் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'மேலாளர்'. சட்டம் அந்தச் சொல்லுக்குள் குருவானவரை மட்டும் வைக்கவில்லை; தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ நிர்வாகம் செய்கிற எல்லாரும் அடங்குவார்கள். ஆகவே உங்கள் சேகரக் கமிட்டி உறுப்பினர் "ஐயர்தான் அனுமதித்தார்" என்று ஒதுங்க முடியாது. தண்டனை பெற்றால் பதவி போகும், 6 ஆண்டுக்கு எந்த மத நிறுவனத்திலும் பொறுப்பு வகிக்க முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8-ன் கீழ் தேர்தலில் நிற்கும் தகுதியும் போகும். சபைப் பதவி, அரசியல் வாழ்க்கை இரண்டையும் ஒரே குற்றம் கொண்டுபோய்விடும்.

அடுத்தது பிரசங்க பீடம். அதே 1951 சட்டத்தின் பிரிவு 123(3) மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பதை முறைகேடு என்கிறது. 2017 ஜனவரி 2-ல் அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 4க்கு 3 என்ற கணக்கில், இது வேட்பாளரின் மதத்தை மட்டுமல்லாமல் வாக்காளரின் மதத்தையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. பிரிவு 123(2) இன்னும் நுட்பமானது: இன்னாருக்கு ஓட்டுப் போட்டால் தெய்வ கோபம் வரும், சபைக் கண்டனம் வரும் என்று வாக்காளரை நம்பவைப்பது தகாத செல்வாக்கு. "அவங்களுக்குப் போட்டா சாபம்" என்று ஜெபக் கூட்டத்தில் சொல்வது இதற்குள் வந்துவிடும். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 171, 174 பிரிவுகளில் அது தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் தேர்தல் மனு போடலாம். உங்கள் ஐயரின் பிரசங்க வீடியோ எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அல்வா மாதிரி.

வேட்பாளர் ஆராதனைக்கு வருவதில் தவறில்லை, அது அவர் உரிமை. மைக் கொடுக்காதீர்கள். கட்சித் துண்டோடு பலிபீடத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். ஜெபிப்பதானால் போட்டியிடுகிற எல்லாருக்காகவும், அதிகாரிகளுக்காகவும், அமைதியான வாக்குப்பதிவுக்காகவும் ஜெபியுங்கள். பெயர் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒன்று. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பிரிவு 3: அரசியல் கட்சி, அதன் நிர்வாகி, வேட்பாளர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. சபையின் பள்ளிக்கோ விடுதிக்கோ அந்தக் கணக்கு இருந்தால், கட்சிப் பொறுப்பில் இருப்பவர் அதில் கையெழுத்துப் போடும் ஆளாக இருக்க வேண்டாம்.

முத்துக்குளித்துறை:

வழக்கேடு சொன்னது வேலி. வேலிக்குள் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நான் கத்தோலிக்கப் பக்கம். எங்களுக்கு மனச்சான்று, உங்களுக்கு மனசாட்சி. சிக்கல் ஒன்றுதான்.

குருக்கள், பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாத விசுவாசிகள்) என்று முதலில் பிரியுங்கள். 1983 திருச்சபைச் சட்டம் 285 §3 ஆட்சி அதிகாரத்தில் பங்கு தரும் அரசுப் பதவியைக் குருக்களுக்குத் தடை செய்கிறது. 287 §2 கட்சிகளில் முனைப்பாக ஈடுபடுவதையும் தடுக்கிறது. திருச்சபையின் உரிமை அல்லது பொதுநன்மை கருதி உரிய திருச்சபை அதிகாரம் அவசியம் என்று தீர்மானித்தால் மட்டும் இந்த இரண்டாவதற்கு விதிவிலக்கு. 672 இதைத் துறவியருக்கும் நீட்டுகிறது. பொதுநிலையினருக்கு நிலைமை நேர் எதிர். 227 அவர்களுக்குக் குடிமை விஷயங்களில் முழுச் சுதந்திரம் தருகிறது, கூடவே ஒரு கண்டிப்பு: கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள விஷயத்தில் தன் கருத்தைத் திருச்சபையின் போதனை என்று முன்வைக்கக் கூடாது. பங்குப் பேரவைத் துணைத் தலைவர் "கத்தோலிக்கர் எல்லாரும் எங்க பக்கம்" என்று கட்சி மேடையில் சொல்கிறாரே, அவர் மீறுவது இதைத்தான். பெரும்பாலும் கட்சிக்கு ஆள் கணக்கு காட்டத்தான் அந்தப் பேச்சு.

அடுத்து, 'கட்சி விசுவாசம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஓட்டுப் போடுவது ஒன்று, உறுப்பினர் சீட்டு வைத்திருப்பது ஒன்று, பொறுப்பு வகிப்பது ஒன்று, மேடையில் ஆதரித்துப் பேசுவது ஒன்று. அறநெறி இறையியலில் பழைய பாகுபாடு ஒன்று உண்டு: தீமையை ஒப்புக்கொண்டு அதில் சேர்வது வேறு, ஒப்பாமல் தூரத்திலிருந்து அதற்கு உதவியாகிவிடுவது வேறு. முதலாவதற்கு எந்தக் காரணமும் போதாது. இரண்டாவதற்குக் காரணத்தின் கனத்தைப் பார்க்கலாம். ஒரு கட்சியின் பத்துக் கொள்கையில் இரண்டு தவறு என்றால், மற்ற எட்டுக்காக அதற்கு ஓட்டுப் போடுகிறவர் இரண்டாம் வகை. அந்த இரண்டையும் நியாயம் என்று மைக்கில் விளக்குகிறவர் முதல் வகைக்குள் காலை வைத்துவிட்டார். அதனால் உங்கள் கிளைச் செயலாளர் முதலில் கேட்க வேண்டியது "நான் கட்சியில் இருக்கலாமா" என்பதை விட, "இந்தக் கூட்டத்தில் இந்த வாக்கியத்தை என் வாயால் சொல்லலாமா" என்பதைத்தான். பேச்சாளர் பட்டியலில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலையை வாங்கிக்கொள்ளலாம். கட்சியில் அதற்கும் ஆள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மனச்சான்றும் சமுதாய லாபமும் ஒன்றில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவர் பட்டியலில் கிறிஸ்தவர் பெயர் இருக்கிறது. முஸ்லிம்கள் இல்லை. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லாததால் இங்கே முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர், அவர்களில் கிறிஸ்தவர் உட்பட, வெளியே நிற்கிறார்கள். "நம்ம ஆளுக்கு நல்லதுதானே" என்று அதை ஆதரித்தவருக்கு அந்த ஆதரவு மனச்சான்றிலிருந்து வந்ததா, கணக்கிலிருந்து வந்ததா? ஒரு சட்டம் நம்மைத் தொடும்போது மட்டும் விழிக்கிற மனச்சான்றை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பொருநைக்கரை:

நன்றி இருவருக்கும். குத்துவிளக்கு, மலர் தூவுவது பற்றி யாரும் தொடவில்லையே? சபையில் அதிகம் சண்டை வருவது அதில்தான். எம்.எல்.ஏ. விஷயமும் பாக்கி.

அவைக்குறிப்பு:

எம்.எல்.ஏ. விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். இங்கே மனசாட்சிக்கு உள்ள இடம் மிகவும் ஒடுக்கம், அது தெரிந்தே நிற்க வேண்டும்.

1985-ல் அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தத்தின் மூலம் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், வந்தது. கட்சிக் கொறடா உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும் வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகும். 'நான் எதிர்க்கவில்லை, எழுந்து வெளியே போனேன்' என்பது தப்பிக்கும் வழி ஆகாது. இரண்டு சன்னல்தான் திறந்திருக்கிறது: வாக்கெடுப்புக்கு முன்பே கட்சியிடம் அனுமதி வாங்குவது, அல்லது வாக்களித்த 15 நாளுக்குள் கட்சி அதை மன்னிப்பது. மனசாட்சிக் காரணம் உள்ளவர் முதல் சன்னலைத்தான் தட்ட வேண்டும்: மசோதா பட்டியலில் வந்த அன்றே, எழுத்தில், காரணம் இரண்டு வரி. வாய்மொழியாகக் கேட்டால் பிறகு சாட்சி இருக்காது.

உச்ச நீதிமன்றத்தின் 1992 கிஹோட்டோ ஹொல்லோஹன் தீர்ப்பு அட்டவணையைச் செல்லும் என்று சொன்னாலும், தகுதியிழப்பு வரை போகும் கொறடா உத்தரவு நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், மக்களிடம் ஓட்டுக் கேட்ட அடிப்படைக் கொள்கைத் திட்டத்துக்கும் மட்டும் இருக்க வேண்டும் என்றது. நடைமுறையில் கட்சிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. நம் ஊர் வழக்கு ஒன்றும் உண்டு: 1996 ஜி. விஸ்வநாதன் எதிர் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைத் தலைவர். கட்சியே நீக்கினாலும் அவையில் அந்தக் கட்சி உறுப்பினராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் தானாக விட்டு விலகியதாகும். "அவங்களே நீக்கட்டும், அப்புறம் சுதந்திரம்" என்று கணக்குப் போடாதீர்கள்.

அயர்லாந்தைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2013-ல் கருக்கலைப்பு தொடர்பான மசோதாவில் ஃபைன் கேல் கட்சி கொறடா உத்தரவு போட்டது. இணையமைச்சர் லூசிண்டா கிரைட்டன் எதிர்த்து வாக்களித்தார். அமைச்சர் பதவியும் கட்சிக் குழுவில் இடமும் போயின, தொகுதி போகவில்லை. 2016 தேர்தல் வரை அவையில் இருந்தார். பிரிட்டனில் இப்படிப்பட்ட விஷயங்களுக்குக் கொறடா உத்தரவே போடாமல் விடுவது மரபு. இங்கே அதே வாக்குக்கு விலை தொகுதியே. அதனால் மேலிடம் இடம் கொடுக்காத விஷயத்தில், வாக்கெடுப்புக்கு முந்தின நாள் பதவி விலகுவது ஒன்றுதான் சுத்தமான வழி. விவாதத்தில் ஐயத்தைப் பதிவு செய்யலாம். கட்சி நடவடிக்கை வரலாம், ஆனால் உத்தரவுக்கு மாறாக வாக்களித்த குற்றம் வராது.

கிராம ஊராட்சி வேறு. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. ஒன்றியம், மாவட்ட ஊராட்சியில்தான் சின்னம். கட்சிக்காரராகவும் மனசாட்சிக்காரராகவும் சேர்ந்தே இருக்க விரும்புகிறவருக்கு ஊராட்சி நல்ல இடம்.

பதவிப் பிரமாணம் பற்றி யாராவது கேட்பதற்கு முன்: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். சத்தியம் செய்யவே வேண்டாம் என்கிற மத்தேயு 5:34 காரணமாக ஆணையிட மாட்டேன் என்கிறவருக்கு இரண்டாவது இருக்கிறது. யாரும் தடுக்க முடியாது.

பூத் சிலிப்:

குத்துவிளக்குக்கு வருகிறேன், பிறகு யாரும் தொடாத ஒன்றுக்கும்.

பவுலே அளவுகோல் கொடுத்திருக்கிறார், 1 கொரிந்தியர் 10. கடையில் விற்கும் இறைச்சியை, சிலைக்குப் படைத்ததா என்று விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு (25). "இது படைத்தது" என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே, சொன்னவனுடைய மனசாட்சிக்காக (28). விழா தொடக்கமாக விளக்கு ஏற்றுவது கடை இறைச்சி. மேலே சிலுவை வைத்த குத்துவிளக்கு எத்தனையோ கோயில்களில் நிற்கிறது. அதே விளக்கை ஒரு படத்துக்கு முன் வைத்து, பூசாரி மந்திரம் சொல்லி, "சாமி கும்பிட்டு ஏத்துங்க" என்றால் அது 28-ஆம் வசனம். பூசணிக்காய் திருஷ்டி கழிக்கிறதற்கு என்று எல்லாருக்கும் தெரியும்; உடைக்கும்போது நாலடி தள்ளி நிற்கலாம், முகம் சுளிக்க வேண்டியதில்லை. நினைவிடத்தில் மலர் இறந்தவருக்கு மரியாதை, கல்லறைத் திருநாளில் நாம் செய்வதுதான். விழுந்து கும்பிடச் சொன்னால் வேறு. சீரியப் படைத்தலைவன் நாகமான் எலிசா தீர்க்கதரிசியிடம் இதைத்தான் கேட்டான்: என் எஜமானாகிய ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோயிலில் என் கைமேல் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கிறதே என்று. தீர்க்கதரிசி சொன்னது "சமாதானத்தோடே போ" என்பது மட்டும். அதற்குமேல் கடுமையாக இருக்க எந்தச் சேகரக் கமிட்டிக்கு அதிகாரம்?

இனி தொடாத விஷயம். விளக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஓட்டுக்குப் பணம் பட்டுவாடா செய்வதைப் பற்றி இந்த இழையில் ஒரு வரி இல்லை. கிளைச் செயலாளர் கைக்குத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வருவது கவர். வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, வீட்டுக்கு இத்தனை ஓட்டு என்று எண்ணி, வெளியூரில் இருப்பவர்களைக் கழித்து, பிறகு கொடுப்பது. இதில் அவர் தூரத்திலிருந்து உதவுகிறவர் இல்லை. கொடுக்கிற கை அவருடையது. முத்துக்குளித்துறை சொன்ன பாகுபாட்டில் இது முதல் வகை, சந்தேகமே இல்லை.

சட்டத்திலும் அப்படியே. நியாய சன்ஹிதா 170-ல் கொடுப்பதும் வாங்குவதும் லஞ்சம், 173-ல் ஓராண்டு வரை சிறை. தண்டனை பெற்றால் தேர்தலில் நிற்கும் தகுதி குறைந்தது 6 ஆண்டு போகும். பணப் பட்டுவாடாவால் தேர்தலே நின்ற வரலாறு நமக்கு உண்டு: 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் மக்களவை. ஆரத்தித் தட்டில் போடும் நூறு ரூபாயும் இதில் சேரும். ஆரத்தியில் குங்குமம் வைக்கலாமா என்று தயங்குகிறவர்கள் தட்டில் விழுகிற நோட்டைப் பார்ப்பதில்லை.

எப்படித் தவிர்ப்பது? கவர் வந்த பிறகு மறுத்தால் ஆள் மாட்டிக்கொள்வார்: பணம் அவர் வீட்டில், கணக்கு அவர் தலையில், "பாதியை அமுக்கிவிட்டான்" என்ற பேச்சும் சேர்ந்து வரும். பூத் கமிட்டி அமைக்கும் கூட்டத்திலேயே, அதாவது வேட்புமனுவுக்கு முன்பே, "ஏஜென்டாக உட்காருகிறேன், பட்டியல் பார்க்கிறேன், பணப் பொறுப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். வீட்டை அதற்குக் கொடுக்கக் கூடாது. பெயர் இருக்கும் எந்தத் துண்டுச் சீட்டிலும் தொகை எழுதக் கூடாது. வேட்பாளர் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். அதற்காக நடக்காத டீச் செலவுக்கும் வராத வேனுக்கும் வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். அதுவும் பொய்தான். இதற்கு மேல் கட்சி வற்புறுத்தினால், அப்போது பொறுப்பை விடலாம், உறுப்பினர் சீட்டை வைத்துக்கொண்டே. ஆகாப் ராஜாவின் அரண்மனை விசாரிப்புக்காரன் ஒபதியா வேலையை விடவில்லை. நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பதாகக் குகையில் ஒளித்து வைத்தான். ஆனால் அவர்களைக் கொன்றுகொண்டிருந்த ராணி யேசபேல் கையில் ஒருவரையும் பிடித்துக் கொடுக்கவில்லை.

பனைவிடலி:

சேர்க்க வேண்டியது ஒன்று. தலித் கிறிஸ்தவரிடம் கட்சி கேட்பது சில நேரம் விளக்கையும் கவரையும் விடப் பெரியது: "பழைய சாதிச் சான்றிதழ் இருக்கே, தனித்தொகுதியில் நில்லுங்க." 1950 அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, பத்தி 3, இந்துக்களுக்கு மட்டும் என்றது, 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் இன்றும் இல்லை, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். தனித்தொகுதி வேட்புமனுவில் சாதியைக் குறிப்பிட்டு உறுதிமொழி தர வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், ஞாயிறுதோறும் ஆராதனை என்று இருந்தால் தேர்தல் மனுவில் முதல் ஆவணம் அந்தப் பதிவேடுதான். 2024 நவம்பர் 26-ல், புதுச்சேரியிலிருந்து வந்த செல்வராணி வழக்கில், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அப்படி நிற்கிறவரைப் பொய்யர் என்று பிரசங்கிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆணையே அநியாயம் என்பது பல சபைகளின் நிலைப்பாடு, எனக்கும் அதேதான். சாதி பார்த்துத் தனிக் கல்லறை வைத்திருக்கிற சபை அவருக்கு நேர்மை சொல்லித் தருவதும் அழகில்லை. ஆனாலும் உறுதிமொழியில் கையெழுத்து அவருடையது, கட்சியுடையது அல்ல. வழக்கில் தோற்றால் மேலிடம் இடைத்தேர்தலுக்கு வேறு ஆள் பார்க்கும். பொதுத்தொகுதி கேளுங்கள், கொடுக்கவில்லை என்றால் கட்சி உங்களை எந்த அளவில் வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வழக்கேடு:

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில். சபை வளாகத்திலுள்ள கல்யாண மண்டபத்தை ரசீது போட்டுக் கட்சிக் கூட்டத்துக்கு வாடகைக்கு விடலாமா? வாடகை வாங்கினால் 'கட்சியின் நன்மைக்கு' என்பது வராது என்று வாதாடலாம். ஆனால் பிரிவு 3 சபைக்குச் சொந்தமான எந்த இடத்தையும் சேர்ப்பதால் அந்த வாதம் தள்ளாடும்; ஆலயமும் மண்டபமும் ஒரே காம்பவுண்டுக்குள், ஒரே கேட் என்றால் இன்னும் அதிகம். தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் முடிவு வரை எந்தக் கட்சிக்கும் இல்லை என்று கமிட்டியில் தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். தீர்மானத்தைக் கொண்டுவருகிற ஆள் உங்கள் கிளைச் செயலாளராகவே இருக்கட்டும். அடுத்த முறை ஒன்றியத்திலிருந்து போன் வந்தால் படித்துக் காட்ட ஒரு தாள் இருக்கும்.